அருள் வராத நாற்காலி

பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பப்பாளி இலையை அரைத்துக் கொடுத்தார்கள்.

கிள்ளானில் யாருக்கு ரத்தத்தில் எது குறைந்தாலும் முதல் வைத்தியம் பப்பாளி இலைதான். டெங்கி என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். காய்ச்சலே இல்லையே என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி நண்டு சூப் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். வாய் முழுக்கக் கசப்பும் கவிச்சியுமாக நாட்கள் போயின. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். தொடையிலும் கையிலும் நீலநீலமாகக் கன்றிப்போயிருந்ததை வேன் கதவில் இடித்துக்கொண்டது என்று நினைத்தேன். வேலை செய்கிற உடம்பில் காயத்தை யார் கணக்குப் பார்ப்பது? பிறகு முழங்காலுக்குக் கீழே சிவப்பாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் வந்தன. வேர்க்குரு மாதிரி இருந்தாலும் விரலால் அழுத்தினால் மறையவில்லை. இதை எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், உங்கள் காலில் அப்படி வந்தால் பப்பாளி மரத்தைத் தேடாதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள்.

கிளினிக் டாக்டர் காலையில் ரத்தம் எடுத்தார், சாயங்காலம் அவரே போன் செய்தார். டாக்டர் தானாகப் போன் செய்தால் அது நல்ல செய்தியாக இருக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். "ஆன்டி, இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி போங்க. வேன் ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க, யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

என் தம்பி சரவணன் கூட்டிப் போனான். அவன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனும் அவன் மனைவி பவானியும் இருக்கும் வீட்டின் முன் அறையில்தான் இருக்கிறேன். கோலாலம்பூர் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது, "ஒண்ணுமில்லக்கா, டெங்கிதான்" என்றான். பச்சை விழுந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். வலிக்காது, அழுத்துகிற மாதிரி மட்டும் இருக்கும் என்றார்கள். பொய். உறிஞ்சி இழுக்கும் அந்த நொடியில் இடுப்பிலிருந்து பாதம்வரை உயிர் போகிறது. உடனே முடிந்தும் விடுகிறது. முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருந்தால் ஊசி போட்ட டாக்டர் அம்மாளை நான் அப்படித் திட்டியிருக்க மாட்டேன்.

முடிவைச் சொன்னவர் ஓர் இளம் சீன டாக்டர். மலாயில் பேசினார், எனக்குப் புரியும்படிப் பேசினார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாரிக்கும் பட்டறை. அதற்குள் கெட்டுப்போன அணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன. நல்ல ரத்தம் செய்ய இடமில்லை. பெயர் லுக்கேமியா, ரத்தப் புற்றுநோய். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கீமோ மருந்து கொடுத்துப் பட்டறையை மொத்தமாகக் காலி செய்வோம், பிறகு நல்லது தானாக வளர வேண்டும் என்றார். வளராவிட்டால்? "அதற்கும் வழி வைத்திருக்கிறோம், முதலில் உங்கள் தம்பியைச் சோதித்துப் பார்க்கிறோம்" என்றார்.

பட்டறை காலியாக இருக்கும் நாட்களில் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம். ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரியில் எல்லாரும் பிளேட்லெட் என்பார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைக்கிற சின்னச் சின்னத் துண்டுகள். அது இல்லையென்றால் எங்கே கசிந்தாலும் நிற்காது. மூக்கில் கசிந்தால் பார்க்கலாம், மூளையில் கசிந்தால் பார்க்க முடியாது. அதனால் அடுத்தவர் தட்டணுவை வாங்கி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நம்முடையது வளரும்வரை. அந்தப் பை சிவப்பாக இருக்காது. மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். ஐஸ்பெட்டியில் வைக்க முடியாது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஐந்தே நாளில் கெட்டுப்போகும். போன மாதம் யாரோ கொடுத்தது இந்த மாதம் உதவாது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரவணனைச் சோதித்தது தனிக் கூத்து. தேவைப்பட்டால் அவன் மஜ்ஜை எனக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு சின்னக் குழாய் ரத்தம் கேட்டார்கள். என் தம்பி மலை மாதிரி இருப்பான். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, பவானியின் தோளில் சாய்ந்துவிட்டான். அவள் அவனைவிடப் பாதிதான் இருப்பாள்.

"லோரி டிரைவர் விழுந்துட்டாரு, வழி விடுங்க" என்றாள்.

"வாய மூடுடி. காலையில சாப்புடல, அதான்" என்றான் கண்ணைத் திறக்காமல்.

கூடப் பிறந்தவர்கள் எனக்கு ரத்தமோ தட்டணுவோ கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு மஜ்ஜை மாற்ற வேண்டிவந்தால், முன்பே ஏற்றிய சொந்தக்காரர் ரத்தத்தால் என் உடம்பு அதைத் தள்ளிவிடக்கூடுமாம். சரவணனுக்கு அதில் ரோஷம் வந்துவிட்டது.

"நான் குடுக்கக் கூடாதா, சரி. என் பசங்க இருக்கானுங்க. பதினொரு பேரு. எல்லாம் லோரிக்காரனுங்க, காளை மாதிரி. டாக்டர்கிட்ட சொல்லுக்கா, எப்ப வேணும்னாலும் இறக்கிடறேன்."

சொன்னேன். டாக்டர் சந்தோஷப்பட்டார். நானும்தான். வார்டில் படுத்திருக்கும்போது பதினொரு பேர் என்பது பெரிய பலம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களைப் பார்த்து, பாவம் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

கீமோ ஆரம்பித்தது. வாந்தி, வாய்ப்புண், முடி கொட்டுவது எல்லாவற்றையும் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதவில்லை. எனக்குத் தாங்க முடியாமல் போனது சும்மா இருப்பதுதான். விடியுமுன் எழுந்து வண்டியை எடுத்து, தெருத் தெருவாக ஹார்ன் அடித்துப் பழகியவள். இங்கே கட்டிலை விட்டு இறங்கினால், "ஆன்டி, விழுந்துடாதீங்க, விழுந்தா ரத்தம் நிக்காது" என்று நர்ஸ் ஓடிவருவார். நாங்கள் மிஸ்ஸி என்போம். தமிழ் மிஸ்ஸி, காஜாங்கிலிருந்து வருகிறவர். மூக்கைச் சிந்தாதே. முக்காதே. நகத்தை வெட்டாதே. பல் தேய்க்கிற பிரஷ்கூட எமன் என்றார்கள்.

அந்த பிரஷ் விஷயத்தைத் தீர்த்தது பவானி. அவள் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். ஷிப்டு முடித்து, தூங்காமல், கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் தேடி, பால் பல் பிள்ளைகளுக்கு விற்கிற யானை படம் போட்ட பிரஷ் ஒன்று வாங்கி வந்தாள். கொண்டுவந்து வெந்நீரில் ஊறவைத்து, தன் உதட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கழுவி என்னிடம் கொடுத்தாள். நாங்கள் வீட்டில் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டோம். அவள் வேலைக்குப் போகும்போது நான் வருவேன், நான் போகும்போது அவள் வருவாள். அவ்வளவுதான்.

தைப்பூசம் வந்தது. சரவணனும் அந்தப் பதினொரு பேரும் எனக்காக விரதம் இருந்தார்கள். பத்துமலையில் எனக்காக அலகு குத்திக்கொண்டார்கள். மறுநாள் சரவணன் மொட்டைத் தலையோடு, விபூதியோடு வந்து போனை நீட்டினான். வீடியோவில் உறுமி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் 'வேல் வேல்' என்று கத்த, என் தம்பி கண் சொருகி நின்றான். கன்னத்தில் இந்தப் பக்கம் போன வேல் அந்தப் பக்கம் வந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"எல்லாம் உனக்குத்தான்க்கா."

நான் அழுதேன். யாருக்காகவும் அழுகிறவள் இல்லை நான்.

"இவ மட்டும் வரல. வீடே விரதம் இருக்கு, இவ பேக்டரி கேன்டீன்ல கோழி வச்சு நாசி ஆயாம் சாப்புடறா. பக்தியே இல்லக்கா" என்றான் பவானியைக் காட்டி.

"லீவு குடுக்கல" என்றாள்.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு சீனப் புத்தாண்டு. ஊரே காலியானது. ரத்தம் கொடுக்கிறவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், ரத்ததான முகாம்கள் இல்லை. ஐந்து நாளில் கெட்டுப்போகும் பொருளை யார் சேர்த்து வைக்க முடியும்? ஆஸ்பத்திரியைக் குறை சொல்லவில்லை, அவர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என் தட்டணு எண்ணிக்கை தரைக்கு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் இருந்தால் ரத்த வங்கிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சரவணனுக்குப் போன் அடித்தேன்.

"இதுக்குத்தானே காத்திருந்தோம். காலையில இறக்கிடறேன்" என்றான்.

காலையில் எனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு கோடு. துடைத்தேன். பிறகு நிற்கவில்லை. மிஸ்ஸி பஞ்சை அடைத்தார், அது நனைந்தது, தொண்டை வழியாக உள்ளே இறங்கியது. வார்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் பை வந்தது. அது எதிர்க்கட்டில் மலாய்ப் பெண்ணுக்குப் போனது. அவளுக்கு வயிற்றுக்குள் கசிவு, அவள் நிலைமை என்னைவிட மோசம், நியாயம்தான். அந்தப் பை அவள் தலைக்கு மேல் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே என் ரத்தத்தை விழுங்கினேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், வந்தது.

என் பதினொரு பேர் வருகிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பார்வை நேரத்தில் சரவணன் வந்தான். பின்னால் பவானி. அவன் முகமூடிக்குள்ளேயே கத்தினான்.

"திருப்பி அனுப்பிட்டானுங்கக்கா! பதினொரு பேரையும்! ஒருத்தன்கிட்டகூட எடுக்கல!"

எனக்குப் பேச முடியவில்லை. கையால் ஏன் என்று கேட்டேன்.

"உடம்புல ஏதாச்சும் குத்திக்கிட்டீங்களா, பச்சை, தோடு, ஊசி வைத்தியம்னு கேக்கறாங்க. குத்தியிருந்தா ஆறு மாசம் எடுக்க மாட்டாங்களாம். ஊசி வழியா கிருமி வந்திருக்குமாம். சாமி வேல்லக்கா! சாமி வேல்ல கிருமி இருக்குமா?"

"அதுவும் முதல்ல இல்லன்னு சொன்னானுங்க அண்ணி" என்றாள் பவானி. "பதினொரு பேரும் மொட்ட. பதினொரு பேரு கன்னத்துலயும் ஓட்ட. வரிசையா நின்னு இல்ல இல்லன்னு தலையாட்டறானுங்க. ரத்த வங்கி டாக்டர் அம்மா நிமிர்ந்து பாத்துட்டு, முகத்துல என்ன, கொசுவான்னு கேட்டாங்க."

மூக்கில் பஞ்சோடு சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். பஞ்சு நனைந்தது.

எனக்காக ரத்தம் கொடுக்க இருந்த பதினொரு பேரும் எனக்காகவே வேல் குத்திக்கொண்டு கொடுக்க முடியாமல் போனார்கள். அதற்காக நான் கோபப்படவில்லை. அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததுக்கு. பதினொரு பேரும் வெளியே போய்த் தேத்தாரி டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தனுக்கும் தம்பி இல்லையா, மனைவி இல்லையா, வேலையிடத்தில் மற்ற ஆட்கள் இல்லையா? ஒருத்தன் மட்டும் வாட்ஸப்பில் என் படத்தைப் போட்டு, கீழே கும்பிடுகிற கையும் போட்டிருந்தானாம். கும்பிடுகிற கையை மூக்கில் அடைக்க முடியாது.

"நான் போறேன்" என்றாள் பவானி.

"நீயா? உனக்கே ரத்தம் இல்ல. ஊதுனா பறந்துடுவ" என்றான் சரவணன்.

"பேக்டரிக்கு ரத்தம் எடுக்கற வண்டி வரும்போதெல்லாம் குடுக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடியிலருந்து."

அவன் வாயைத் திறந்தபடி நின்றான். "எங்கிட்ட சொன்னதே இல்ல?"

"ஊசிய பத்திப் பேசுனாலே உங்களுக்குத் தல சுத்தும். நாசி ஆயாம்னு சொன்னீங்கள்ள, பட்டினியோட போனா திருப்பி அனுப்பிடுவாங்க. அண்ணிக்கு எப்ப தேவப்படுமோன்னு ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மெஷின்ல எடுக்கறதுக்கு எடை வேணும், இரும்புச் சத்து வேணும்." பையைத் தோளில் மாட்டினாள். "எங்க கீழ கேன்டீன்? முட்ட இருக்குமா?"

போய்விட்டாள். ஒரு மணிநேரம் கழித்துப் படம் அனுப்பினாள். சாய்வு நாற்காலி, கையில் குழாய், பக்கத்தில் துணி துவைக்கும் மெஷின் அளவுக்கு ஒரு பெட்டி. ரத்தம் கையிலிருந்து பெட்டிக்குப் போகும், அது சுற்றித் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அதே கையில் திருப்பி விடும். சாதாரணமாக ரத்தம் கொடுத்தால் பல பேரிடமிருந்து சேர்க்க வேண்டிய தட்டணு, இதில் ஒரே ஆளிடம் கிடைத்துவிடுகிறது. ஒன்றரை மணிநேரம் ஆகும். உதடு சுறுசுறு என்கிறது, குளிர்கிறது, போர்வை கேட்டிருக்கிறேன், மற்றபடி ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாள். தொழிற்சாலையில் ரத்தம் கொடுத்துப் பழகியவள் என்பதால்தான் அன்றைக்கே மெஷினில் உட்கார வைத்தார்களாம்.

எடுத்த தட்டணுவைச் சோதிக்காமல் யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். அதனால் நான் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பஞ்சு மாற்றினார்கள், மாற்றினார்கள், மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சாவு பக்கத்தில் வந்து நின்றது என்றெல்லாம் எழுத மாட்டேன். பயமாக இருந்தது. தலை லேசாக வலித்தால்கூட உள்ளே கசிகிறதோ என்று மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் வந்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "இன்னும் ஓக்கே ஆன்டி. திட்டறீங்கள்ள, அப்ப மூளை நல்லா இருக்கு" என்றார்.

மறுநாள் மதியம் எனக்கு ஒரு மஞ்சள் பை வந்தது.

"பவானியுடையதா?"

"தெரியாது ஆன்டி. பேர் இருக்காது, நம்பர்தான். அவங்களுது வேற யாருக்காச்சும் போயிருக்கும். இது வேற யாரோ."

அரை மணிநேரத்தில் ஏறி முடிந்தது. சாயங்காலம் பஞ்சை எடுத்தபோது ரத்தம் வரவில்லை. யாரோ ஓர் ஆள். பண்டிகை நாளில் ஊருக்குப் போகாமல், என் பெயர்கூடத் தெரியாமல் குளிர் அறையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். நன்றி சொல்லவும் வழியில்லை. எதிர்க்கட்டில் மலாய்ப் பெண் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

என் பட்டறை திரும்ப ஓடத் தொடங்கியது. இன்னும் சில சுற்று கீமோ இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சள் பைகள். பவானி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தாள். மஜ்ஜை மாற்றத் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தேன். முடி வளர்ந்தது. வேன் எடுத்தேன். பிள்ளைகள், "ஆன்டி, நீங்க பையன் மாதிரி இருக்கீங்க" என்றார்கள்.

குத்திக்கொண்டவர்களுக்கான ஆறு மாதத் தடை முடிந்தது. நான் காத்திருந்தேன், யாராவது தானாகப் போவார்களா என்று. ஒருத்தனும் போகவில்லை. நான் பிழைத்துவிட்டேன் அல்லவா, அவர்களுக்கு வேலை முடிந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த நோய் வந்தவள் இனி ஆயுளுக்கும் யாருக்கும் ரத்தம் கொடுக்க முடியாது. வாங்கியதைத் திருப்ப எனக்கு வழியே கிடையாது. வழி இருக்கிறவனெல்லாம் சும்மா இருக்கிறான்.

பதினொரு பேருக்கும் போன் போட்டேன். ஷிப்டு என்றான் ஒருத்தன். பிரஷர் என்றான் ஒருத்தன். "அடுத்த தைப்பூசத்துக்கும் வேண்டுதல் இருக்குக்கா" என்றான் இன்னொருத்தன். "குத்திக்கோடா. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? குத்தறதுக்கு முன்னாடி போய்க் குடுத்துட்டுக் குத்திக்கோ" என்றேன். கடைசியில் நான்கு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரத்த வங்கிக்கு என் பள்ளி வேனில், பிள்ளைகள் உட்காரும் இருக்கையில், முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்து வந்தார்கள். ஐந்தாவது ஆள் என் தம்பி. முன் சீட்டில், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து.

"அக்கா, நான் கூட்டிக்கிட்டு வர்றதுக்குத்தான் வரேன்."

"அதுக்குத்தான் வேன் இருக்கே."

"உனக்குப் புரியலக்கா. மலையில குத்தும்போது அருள் வரும். ஒண்ணும் தெரியாது. இங்க அருள் வராதே. முழிச்சிக்கிட்டே இருக்கணும்ல."

அவன் சொல்வது உண்மைதான்.

அங்கே கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். முதல் தடவை என்பதால் மெஷின் இல்லை, சாதாரண ரத்தம்தான், எனக்கில்லை, வேறு யாருக்கோ. பக்கத்து நாற்காலியில் பவானி மெஷினோடு படுத்து, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை. அங்கிருந்த மிஸ்ஸி அவன் கையைத் துடைத்தார். அவன் கண்ணை இறுக மூடினான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா."

"என்னடா?"

"சொல்லேன்."

"என்னத்த?"

"மலையில சொல்லுவாங்கள்ல. சொல்லேன்க்கா."

குளிர் அறை. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வேல் வேல்" என்றேன்.

"கேக்கல."

"வேல் வேல்."

ஊசி உள்ளே போனது. அவன் முகம் சுளித்தது, கால் உதைத்தது, கண்ணில் நீர் வந்தது. அருள் வரவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவே இல்லை. போர்வைக்குள்ளிருந்து பவானியும் சொல்ல ஆரம்பித்தாள். குழாயில் ரத்தம் இறங்கிப் பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.